மிச்சமிருக்கும் நான்கு தெருக்கள்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், கடை சுகம், ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாய்கூட இப்போது சுகம். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஆசை, இருக்கிறாயா என்று சந்தேகம். அம்மா எப்படி என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது, அதற்குத்தான் இந்தக் கடிதமே, கொஞ்சம் பொறு. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. நின்றுகொண்டு எழுதுகிறேன். கடையில் கண்ணாடிக்கு முன்னால் சீப்பும் கத்தரியும் பவுடர் டப்பாவும் வைக்கிற பலகையைத் துடைத்துவிட்டு அதன்மேல் காகிதத்தை வைத்திருக்கிறேன். தாளில் முடித் துணுக்கு ஏதாவது ஒட்டியிருந்தால் ஊதிவிடு, யாருடையதோ. நிமிர்ந்தால் என் மூஞ்சியே எதிரில் நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு பொய் எழுத வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நானும் உன் குரல் உடைந்தால் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். முடி வெட்டும்போது தலையை ஆட்டாதே என்று சின்ன வயதில் உன்னை எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன், அந்த மாதிரி அசையாமல் கேள். ஆள் வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பேன், மறுபடி தொடங்கும்போது விட்ட இடம் தெரியாமல் போகலாம், கோத்துப் படித்துக்கொள்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் நீ வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா உன்னைப் பார்த்து நல்லா சாப்பிடு கண்ணு, உடம்பப் பாத்துக்கோ என்றாளே, நீகூட அம்மா இன்னைக்குத் தெளிவா இருக்காங்கப்பா என்று சந்தோஷப்பட்டாயே, அது நான் சொல்லிக்கொடுத்தது. நீ கூப்பிடுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து பாடம் நடத்தினேன். அதற்கு முந்தின தடவை திடீரென்று லைன் கட்டாகிவிட்டது, இங்கே நெட் சரியில்லை என்று பிறகு சொன்னேனே, அதுவும் பொய், நான்தான் அமுக்கினேன். ஏனென்றால் அம்மா என் பக்கம் திரும்பி, இந்தப் பொண்ணு நல்லா சிரிக்குது, யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்டுவிட்டாள். உன் காதில் விழுந்திருக்குமோ என்று அன்றைக்கெல்லாம் கத்தரியையே எடுக்கவில்லை, வந்தவர்களை நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி, வயசானால் வருவதுதான் என்பது. கொஞ்சம் இல்லை. எட்டு மாதமாக இதை மறைத்துவைத்திருக்கிறேன், இனிமேல் முடியாது. என்னைத் திட்ட வேண்டுமென்றால் இங்கேயே ஒரு நிமிடம் நிறுத்தித் திட்டிவிட்டு மேலே படி.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியில் போய்த்தான் நிற்கிறது. உனக்கு நினைவிருக்கும், அம்மா வேலையை விட்டு ஓய்வு பெற்ற அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு, இனிமே என் காலுக்கு லீவு என்றாள். முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவள். அவளுக்கென்று ஒதுக்கிய தெருக்கள் பதினொன்று, தபால் ஆபீஸ் பாஷையில் அதற்குப் பேர் பீட். அந்தப் பதினொரு தெருவையும் மழையானாலும் வெயிலானாலும் கால்நடையாகவே சுற்றினாள். சைக்கிள் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டாள், சைக்கிள்ல போனா வீட்டுக்கு வீடு யாரு பேசுவா என்றாள். அப்படிப்பட்ட கால் லீவு கேட்கிறதே என்று எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. அந்த வாரம்தான் கடைக்குப் புது நாற்காலிகள் வந்திருந்தன. பழையதில் ஒன்று, அந்தக் கறுப்பு நாற்காலி, தலைக்கு மெத்தை, காலுக்குப் பலகை, பக்கத்தில் இழுத்தால் சாய்கிற கைப்பிடி, ராஜா உட்கார்கிற மாதிரி இருக்கும், அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். முடி வெட்டுகிறவனைத் தவிர வேறு எவனாவது இப்படி ஒரு காரியம் செய்வானா? அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்து, கால்மணி நேரம் சுற்றிச் சுற்றி விளையாடினாள். நீயும் உன் பங்குக்கு, அம்மா நடந்தது போதும்பா, இனிமே உக்கார வைங்க என்று சொல்லிச் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி அனுப்பினாய். வந்தவர்களை உட்காருங்க உட்காருங்க என்று சொல்லியே பிழைப்பு நடத்தியவன் நான். கட்டினவளையும் உட்கார வைத்துவிட்டேன்.

ஆறு வருஷம் உட்கார்ந்தாள். சமையலுக்கு ஓர் அம்மாவை வைத்தேன், துணிக்கு மெஷின் வாங்கினேன், கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்டூல் போட்டுத் தண்ணீர், மாத்திரை, ரிமோட், போன் எல்லாவற்றையும் அடுக்கினேன். யாராவது கதவைத் தட்டினால் எழுந்திருக்கக்கூட வேண்டாம், காலால் தரையை ஓர் உந்து உந்தினால் நாற்காலியே வாசலைப் பார்த்துத் திரும்பிவிடும். நாங்கள் இதைப் பெருமையாக வேறு எல்லோருக்கும் காட்டினோம். உன் அத்தை மட்டும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, என்னண்ணே, அண்ணியை ஷோகேஸ்ல வெச்சிருக்கே என்றாள். அவளுக்குப் பொறாமை என்று நானும் அம்மாவும் கேலி பேசிச் சிரித்தோம். இரண்டு வருஷம் முன்னால் நீ வந்தபோது பத்து நாளும் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டாய், வெளியே கூட்டிப் போகட்டுமா என்று ஒருநாள் கேட்டாய், நான்தான் வேண்டாம் பாவம் அசந்துபோவாள் என்றேன். இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை கண்ணு. கேட்டவள் நீ, தடுத்தவன் நான். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்புறம் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. ஸ்டூலில் இருக்கும் ரிமோட்டைக் கையில் எடுத்துக் காதில் வைத்து ஹலோ என்றாள், சிரித்தோம். சமையல்கார அம்மாவிடம் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாள், அந்த அம்மா என் காதில் வந்து சொன்னபோது நீ வேலையைப் பாரு தாயி என்று எரிந்து விழுந்தேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். அம்மா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, வாங்க சார், அவரு கடைக்குப் போயிருக்காரு, உக்காருங்க வந்துருவாரு என்றாள். நான் விளையாடுகிறாள் என்று நினைத்து, சரிங்க என்று எதிரில் உட்கார்ந்தேன். அவள் விளையாடவில்லை. அரை மணி நேரம் இரண்டு பேரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனேன். பெண் டாக்டர், உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள், நல்ல மாதிரி, அவசரப்படவில்லை. ரத்தம் எடுத்தார்கள், மெஷினுக்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். அம்மா வட்டம் போட்டு எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தாள். டாக்டர் என்னிடம் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காந்திருப்பாங்க என்று கேட்டாள். நான் பெருமையாக, எழுந்திருக்கவே விடறதில்லைங்க, எல்லாம் கைக்கே வந்துரும் என்றேன். சொல்லி முடிக்கும்போதே அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். விரல் விட்டு எண்ணச் சொன்னாள், எண்ணினேன், பதினாலு மணி நேரம் வந்தது. அவள் பொறுமையாக விளக்கினாள். காலும் உடம்பும் அசைந்தால்தான் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும், நினைவு வைக்கிற இடம் தெம்பாக இருக்கும், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் மெல்ல மெல்ல எல்லாம் மந்தமாகும், அதிலும் டிவி முன்னால் சும்மா உட்கார்வதும் எதையாவது படித்துக்கொண்டோ யோசித்துக்கொண்டோ உட்கார்வதும் ஒன்றில்லை என்றாள். அப்படின்னா நான்தான் இவளை இப்படி ஆக்கிட்டேனா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதுங்க, உக்காந்த எல்லாருக்கும் இது வர்றதில்ல, நடந்தவங்களுக்கு வராமலும் இல்ல, பிரஷர் இருக்கு, வயசு இருக்கு, பரம்பரை இருக்கு, ஒண்ணைப் பிடிச்சு இதுதான்னு சொல்ல எந்த டாக்டராலயும் ஆகாது என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. நாற்பத்தைந்து வருஷமாக மனுஷத் தலைகளைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறேன், எந்தத் தலைக்குள்ளும் என்ன இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. இனிமே நடந்தா சரியாயிடுமா என்று கேட்டேன். போனது திரும்பாதுங்க, இருக்கிறது கொஞ்சம் மெதுவாப் போகலாம், அதுவும் நிச்சயம் கிடையாது, ஆனா நடக்க வைங்க, அரை மணிக்கு ஒருக்காவாவது எழுப்பி விடுங்க என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பானரை எடுத்து நாற்காலியின் போல்ட்டைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய்விட்டேன். அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை, நாற்காலி இருந்த இடத்தில் தரையில் நாலு ஓட்டை இருக்கிறதே, அதற்கு நடுவே போய் நின்றுகொண்டு யாராவது கொண்டுவந்து போடுவார்கள் என்று காத்திருந்தாள். வா நடக்கலாம் என்றால் எதுக்கு என்பாள். டாக்டர் சொன்னாங்க என்றால் நீங்க போயிட்டு வாங்க சார் என்பாள். கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தால் பத்து அடியில் நின்றுவிடுவாள், வேலை இல்லாம ரோட்டுல யாராவது சுத்துவாங்களா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க என்பாள். நியாயம்தானே, அவள் காலுக்கு வேலை இல்லாமல் நடந்து பழக்கமே கிடையாது. ஒரு வாரம் இப்படிப் போராடித் தோற்றுப்போய், பரணில் இருந்த அவளுடைய பழைய தபால் பையை இறக்கித் தூசி தட்டினேன். கண்ணில் பட்டதுதான் தாமதம், வாங்கித் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டாள், பையின் வாயைத் திறந்து பார்த்து, என்ன சார் ஒண்ணுமே இல்ல, இன்னும் பிரிச்சு முடிக்கலையா என்று என்னை அதட்டினாள். உட்கார்ந்து பழைய காலண்டர் தாள்களை மடித்து உறையில் போட்டு வீட்டு எண் எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல், ஒரு மாதம் ஆகிறது, முடி வெட்டிக்கொள்ள வரவும் என்று எல்லாத் தாளிலும் எழுதினேன். முனையில் இஸ்திரி போடுகிறவருக்கும் அதேதான் போயிற்று, அவர் மண்டையில் ஒரு முடி கிடையாது. மனுஷன் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து எனக்கெதுக்குங்க இது என்று கேட்டபோது எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

முதல் நாள் அவள் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். என்னால் பின்னால் ஓட முடியவில்லை. ஒற்றைப்படை வீடுகள் வரிசையாகப் போய், தெரு முனையில் திரும்பி இரட்டைப்படை வரிசையில் வருவாள், கதவில் இரண்டு தட்டு, தபால் என்று ஒரு குரல், அடுத்த வீடு. பதினொரு தெருவும் முடித்தாள், ஒரு வீடு தப்பவில்லை. நாய் இருக்கும் வீட்டில் கேட்டுக்கு வெளியே நின்றாள், அந்த நாய் செத்து எத்தனையோ வருஷமாகிறது. ஐந்தாவது தெருவில் ஒரு மாடி வீட்டைக் காட்டி, இந்தப் பெரியவர் பதிவுத் தபால்னாலே கை நடுங்குவாரு, உக்கார வெச்சுத்தான் கையெழுத்து வாங்கணும் என்று எனக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சொல்வதுபோல, சொல்லிக்கொடுத்தாள். தெருக்காரர்கள் தங்கமானவர்கள். விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவரும் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு, சாயங்காலம் அந்த உறைகளைக் கொண்டுவந்து கடை வாசல் டப்பாவில் போட்டுவிடுவார்கள், மறுநாள் அதே உறைகள் மறுபடி பைக்குள் போகும். இப்போது இருக்கும் தபால்காரர் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, அக்கா இன்னைக்கு பை கனமா என்று கேட்பார். நம் வீடு இரண்டாவது தெருவில் வருகிறதில்லையா, அங்கே மட்டும் எனக்கு ஓட்டப்பந்தயம். அவள் பக்கத்து வீட்டில் நிற்கும்போதே நான் பின்வாசல் வழியாகப் புகுந்து, மூச்சு வாங்க முன்கதவைத் திறந்து, யாரோ மாதிரி நின்று கையெழுத்துப் போட்டு வாங்குவேன். அப்போது ஒவ்வொரு நாளும் கேட்பாள், வெளியூர்ல ஒரு பொண்ணு இருக்காளே சார், அவகிட்டேருந்து கடுதாசி எதுவும் வரலையே, போன்லயாவது பேசுறாளா என்று. பேசுறாங்க என்பேன். நல்ல பொண்ணு என்பாள். ஒரு மாதம், இரண்டு மாதம் இப்படி. அவளுக்குக் கன்னம் சிவந்தது, பசி எடுத்தது, நன்றாகத் தூங்கினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் வாலு, உனக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, குணப்படுத்திவிட்டே சொல்லலாம் என்று நினைத்த மடையன் நான்.

மூன்றாவது மாதம் பத்தாவது தெரு முடிந்ததும் நின்று, அவ்வளவுதான் சார், முடிஞ்சுது என்றாள். இன்னும் ஒரு தெரு இருக்கே என்றேன். அது என் பீட் இல்ல என்றாள். உன்னுதுதான் என்று வாதாடினேன், முறைத்தாள், வேற ஆளோட தபாலை நான் தொட மாட்டேன், மேலதிகாரிகிட்ட சொல்லிடுவேன் என்றாள். சரி இன்றைக்குக் களைப்பு என்று விட்டேன். அந்தப் பதினொன்றாவது தெருவுக்குள் அதற்குப் பிறகு அவள் காலடி படவே இல்லை. அடுத்து பத்தாவது போனது, ஒன்பதாவது போனது. ஒரு தெரு போவதற்கு மூன்று வாரம், சில சமயம் நாலு வாரம். போகும்போது மொத்தமாகப் போகிறது, முதலில் வீட்டு மனிதர்களைப் பற்றிப் பேசுவது நிற்கும், பிறகு கதவு தட்டுவதில் ஒரு தயக்கம் வரும், பிறகு ஒருநாள் தெரு முனையில் திரும்பிவிடுவாள். கை நடுங்குகிற பெரியவர் வீடு போய் ஒரு மாதமாகிறது. இப்போது மிச்சம் நாலு தெரு. மறுபடி டாக்டரிடம் போனேன், பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இந்தத் தடவை அம்மா வட்டம் மட்டும் வரைந்திருந்தாள், உள்ளே ஒன்றும் எழுதவில்லை. நடக்காம இருந்திருந்தா இதைவிடச் சீக்கிரம் போயிருக்குமா என்று கேட்டேன், இருக்கலாம், யாருக்குத் தெரியும், நடக்கிறதை விட்டுடாதீங்க என்றாள். ஆகவே விடவில்லை. பலன் இருக்கிறது என்று நம்பி நடக்கவில்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நடக்கிறோம். அரை மணிக்கு ஒரு தடவை எழுப்புகிறேன், எழுந்து நிற்கிறாள், ஏன் எழுந்தோம் என்று என்னைப் பார்க்கிறாள். முன்னாலேயே இதைச் செய்திருந்தால் என்ற பேச்சை நான் வாயால் எடுப்பதில்லை, ஆனால் கடையில் ஒருவரை உட்கார வைத்துத் துணி போர்த்தும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்கிறது. அந்தக் கறுப்பு நாற்காலி கடை மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. வருகிறவர்கள் அது நல்லாயிருக்கே என்கிறார்கள், ரிப்பேர் என்று சொல்கிறேன்.

இப்போது உன் விஷயம். காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் ஏழுக்குத்தான் எழுவேன் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். சாப்பாடும் அங்கேயே என்றாய். எதற்கு எழ வேண்டும், எல்லாம் கைக்கே வந்துவிடுகிறது என்றாய் பார், அந்த வார்த்தை என் வார்த்தை கண்ணு, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. நீ போனில் பேசும்போது உன் நாற்காலி கிறீச்சிடுவது எனக்குக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போகிறேனே என்று வாயடிக்காதே, மிச்ச நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் முழுசாக ஈடுகட்டும் என்று சொல்ல முடியாதாம், உனக்காக டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இடையிடையே எழுந்து நில், தண்ணீர்க் குடத்தைத் தூரத்தில் வை, போன் பேசும்போது நட, படிக்கட்டில் ஏறு. உனக்கு வரும் என்று நான் சொல்லவில்லை, அம்மாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரக்கூடாதே என்று பயந்து சாகிறேன், அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்டால், கேள். வா என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை, உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், வந்தாலும் அவள் குணமாகிவிடப் போவதில்லை. நாலாவது தெரு இப்போது தடுமாறுகிறது. அது போனால் மூன்றாவது. அதற்கடுத்தது நம் தெரு. நாட்களை எண்ணுவது உன் பொறுப்பு.

இத்தோடு முடித்து ஒட்டிவிடலாம் என்று இருந்தேன், ஆனால் இரண்டு நாள் கழித்து மறுபடி எழுத வேண்டியதாகிவிட்டது. உறையில் உன் முழுப்பெயரும் விலாசமும் எழுதி, அம்மா கையாலேயே தபால் பெட்டியில் போட வைக்கலாம், நிஜமான கடிதம் ஒன்று அவள் பையிலிருந்து போகட்டும் என்று ஓர் ஆசை. நேற்று காலையில் மற்ற உறைகளோடு இதையும் பைக்குள் வைத்தேன். முதல் தெருவில் கொடுத்துக்கொண்டே வந்தவள் நம் தெருவில் நுழையும்போது இதைக் கையில் எடுத்தாள். நின்றாள். உன் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள், திருப்பி இன்னொரு தடவை படித்தாள். ஆகா, பெற்ற பிள்ளையின் பெயர் உள்ளே எங்கேயோ தட்டுகிறது என்று நினைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, இந்தப் பேருல யாரு சார் என்றாள். நான் வாய் திறப்பதற்குள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு முழுச் சுற்று நடந்தாள். நம் வீட்டு வாசலிலும் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தாள். பிறகு காம்பவுண்டுச் சுவர் மேல் உறையை வைத்து, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, ஆபீஸில் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதினாள். விலாசதாரர் இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும். தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள். எழுத்தில் ஒரு நடுக்கம் இல்லை, அந்தக் கையெழுத்து அப்படியே இருக்கிறது. உறையைத் திருப்பிப் பின்னால் இருந்த என் பெயரைப் படித்து, நம் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் பின்வாசல் வழியாக ஓடிப் போய்த் திறந்தேன். அப்படி யாரும் இல்லீங்க சார், நல்லா தேடிட்டேன் என்று என் கையில் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

உறைக்குள் உறை இருப்பது அதனால்தான். அவள் எழுதியதோடு அப்படியே பெட்டியில் போட்டால் ஆபீஸிலும் நம்பித் திருப்பிவிடுவார்கள், அதனால் பெரிய உறைக்குள் வைத்து நானே போய்ப் போடுகிறேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு உறையில் எழுதலாமா என்றும் பார்த்தேன், மனசு வரவில்லை, அம்மா கையால் உன் பெயருக்குப் பக்கத்தில் எழுதியது இனி வேறு எதுவும் உனக்கு வராது. முப்பத்தொரு வருஷ வேலையில் அவள் ஒரு தபாலைக்கூடத் தப்பாகத் திருப்பியதில்லை, அதற்கு ஆபீஸில் கைதட்டியெல்லாம் பாராட்டியிருக்கிறார்கள். இது ஒன்றுதான் தப்பு. அவள் மேல் கோபப்படாதே, பாவம், தெரு முழுக்கத் தேடிவிட்டுத்தான் எழுதினாள்.

நீ நல்லா இருக்க வேண்டும், உன் அறிவு கடைசி நாள் வரைக்கும் உன்னோடு இருக்க வேண்டும், உன்னைப் பெற்றவளின் பெயரையும் முகத்தையும் நீயாவது மறக்காமல் இருக்க வேண்டும், வேறு ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொள், பல் வலிக்கிறது என்றாயே, போய்க் காட்டு. கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படித்திருப்பாய். எழுந்திரு கண்ணு. கொஞ்சம் நட.

உன்னைத் தேடிக்கொண்டே இருக்கும்,
அப்பா